ஹீட்டட் காகிள்ஸ்: ஸ்னோமொபைலில் கண்ணாடி மங்காமல் ஓட்டுவது எப்படி

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கவலைப்படுவது குளிரைப் பற்றித்தான். ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள், கண்ணை முழுக்க மூடிக் காக்கும் கண்ணாடியான காகிள்ஸை மட்டும் கடைசியில் நிறம் பிடித்திருக்கிறது என்று ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும், குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கண் தெரியாமல் ஓட்டவே முடியாது என்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறீர்கள். லென்ஸில் ஆவி படிந்து மூன்று வினாடி ஒன்றும் தெரியாமல் போனால் 50 மீட்டர் குருட்டாம்போக்கில் ஓட்டியதாக அர்த்தம், அந்த 50 மீட்டருக்குள் ஒரு மரமோ வளைவோ எதிரே வரும் வண்டியோ இருக்கலாம்.

இதற்காகத்தான் ஹீட்டட் காகிள்ஸ் வந்தது. லென்ஸுக்குள் மின்சாரத்தால் சூடாகும் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பட்டனை அமுக்கினால் லென்ஸ் வெதுவெதுப்பாகும், ஆவி படியாது. ஆனால் இதை வாங்கியவர்களில் பலரும் "காசு போச்சு, இதுவும் மங்குது" என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணாடி முழுக்க மங்கிய பிறகு பட்டனைத் தேடுகிறார்கள். இந்தப் பொருள் ஆவியை வராமல் தடுப்பதில் கெட்டிக்காரன், வந்துவிட்ட ஆவியை விரட்டுவதில் மந்தம். அதனால் கீழே சொல்லப்போவதில் பாதி பட்டனைப் பற்றியே இருக்காது, மூச்சையும் வியர்வையையும் லென்ஸ் பக்கம் போகவிடாமல் செய்வது பற்றித்தான் இருக்கும்.

முதலில், ஏன் மங்குகிறது

நாம் வெளியே விடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று 35 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்கும். அதே காற்று 0 டிகிரிக்கு வந்தால் 5 கிராம்தான் தாங்கும், மைனஸ் 20-இல் ஒரு கிராம்தான். மீதி ஈரம் எங்கேயாவது இறங்கியாக வேண்டுமே, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த பரப்பு உங்கள் லென்ஸ். வெந்நீரில் குளித்து முடித்ததும் குளியலறைக் கண்ணாடி மங்குகிறதே, அதே கதைதான், இங்கே அது உறைந்தும் போகும் என்பதுதான் வித்தியாசம்.

காற்றுக் குளிர் பற்றி ஒரு விஷயம். மைனஸ் 20-இல் 60 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு மைனஸ் 36 போல உறைக்கும் என்று வானிலைக் கணக்கு சொல்லும். அது தோலுக்குத்தான், லென்ஸுக்கு இல்லை. லென்ஸ் வெளிக்காற்றின் வெப்பநிலையைவிடக் கீழே போகாது. ஆனால் வேகமாகப் போகும்போது அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் இறங்கிவிடும், உங்கள் முகச்சூடு லென்ஸைக் காப்பாற்ற நேரம் கிடைக்காது. ஹீட்டர் செய்யும் வேலை இவ்வளவுதான்: லென்ஸின் உள்பக்கத்தை, ஈரம் இறங்கத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கொஞ்சம் மேலே வைத்திருப்பது. லென்ஸ் கொதிக்கத் தேவையில்லை, தொட்டால் சூடாகத் தெரியக்கூடத் தேவையில்லை. சூடே தெரியவில்லையே, கெட்டுப்போச்சா என்று பயப்பட வேண்டாம்.

எந்த வகை வாங்குவது

மூன்று வகை சந்தையில் உண்டு.

பேட்டரி வைத்த காகிள்ஸ். சின்ன லித்தியம் பேட்டரி பட்டையிலோ சட்டத்திலோ இருக்கும், சிலவற்றில் கேபிள் நீட்டிச் சட்டைப்பைக்குள் போகும். 509 நிறுவனத்தின் இக்னைட், அபோம் என்ற வேறொரு நிறுவனத்தின் காகிள்ஸ் இவையெல்லாம் இந்த இனம். வண்டியோடு எந்த இணைப்பும் இல்லாததால் இறங்கி நடக்கலாம், விழலாம், எழலாம், ஒன்றும் சிக்காது.

வண்டியிலிருந்தே மின்சாரம் எடுப்பது. இது பெரும்பாலும் முழுமுக ஹெல்மெட்டின் சூடாகும் முகக்கண்ணாடியாக வரும். பல ஸ்னோமொபைல்களில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆர்சிஏ சாக்கெட் ஒன்று இருக்கும் (பழைய டிவி, ஆடியோ பெட்டிகளில் குத்துவோமே, அதே வட்ட பிளக்), அதில் 12 வோல்ட் வரும். பேட்டரி தீருமே என்ற கவலை கிடையாது.

மூன்றாவது, சூடே இல்லாமல் குட்டி மின்விசிறி வைத்து ஈரக்காற்றை வெளியே தள்ளும் காகிள்ஸ். மோசமில்லை, ஆனால் கடுங்குளிரில் விசிறியை மட்டும் நம்ப நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சமதளத்தில், போட்டு வைத்த பாதையில், நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டப்போகிறீர்கள் என்றால் முழுமுக ஹெல்மெட்டும் கேபிள் முகக்கண்ணாடியும் நிம்மதி. மலையில், ஆழமான தூள்பனியில், எழுந்து நின்று வண்டியைச் சாய்த்து, அடிக்கடி புதைந்து, தோண்டி எடுத்து ஓட்டுகிறவர்களுக்குத் திறந்த முகப்பு ஹெல்மெட்டும் பேட்டரி காகிள்ஸும்தான் சரி. வாடகைக்கு எடுத்து ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, பல இடங்களில் அவர்களே ஹெல்மெட் தந்துவிடுவார்கள். அதில் கேபிள் வருகிறதா, வண்டியில் குத்த இடம் இருக்கிறதா, குத்தினால் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் சிலர் கேபிளைத் தருவதே இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் நான் முதலில் வைப்பது பட்டனை. தடித்த கையுறையோடு அது அகப்படுகிறதா, அமுக்கினால் அமுங்கியது விரலுக்குத் தெரிகிறதா? கையுறையைக் கழற்றினால்தான் இயக்க முடியும் என்றால் நீங்கள் அதை இயக்கப்போவதே இல்லை. அடுத்து, லென்ஸ் இரட்டை அடுக்காக இருக்க வேண்டும், நடுவிலுள்ள காற்று குளிரைத் தடுக்கும், ஹீட்டருக்கும் பாதி வேலை மிச்சம். பட்டன் அமுக்கிச் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் மாடல்களும், அணைக்கும்வரை எரியும் மாடல்களும் உண்டு, எது உங்களுடையது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்று லென்ஸ் விலையையும் இப்போதே விசாரியுங்கள், சாதாரண லென்ஸைவிட இது நிறையவே அதிகம். மேகமூட்டத்துக்கு மஞ்சள் அல்லது ரோஸ், நல்ல வெயிலுக்குக் கறுப்பு, இரவுக்கு நிறமில்லாதது என்று மூன்று தேவைப்படலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஞ்சளோ ரோஸோ எடுங்கள். இருட்டில் கறுப்பு லென்ஸ் போட்டு ஓட்டுவதற்கு மங்கிய லென்ஸே மேல்.

கடைசியாக, உங்கள் ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். காகிள்ஸின் மேல்விளிம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் அங்கே உறைபனிக்கடி வரும், அதாவது குளிரில் தோல் உறைந்து கெட்டுப்போகும். ஹெல்மெட் காகிள்ஸைக் கீழே அழுத்தினால் மூக்கு அடைபடும், மூச்சு எல்லாம் மேலே லென்ஸுக்குள் போகும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முந்தின இரவே பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், அறைச் சூட்டில். 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும்கூட. குளிரில் கிடந்த பேட்டரியைக் கொண்டுவந்தவுடன் குத்தாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டு அப்புறம் குத்துங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

அடுத்து, காகிள்ஸ் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸைச் சொல்லவில்லை, முகத்தில் ஒட்டும் ஃபோமை. போன தடவை ஓட்டியபோது ஊறிய ஈரம் ஃபோமில் இருந்தால், உங்கள் முகச்சூட்டில் அது ஆவியாகி நேராக லென்ஸுக்குத்தான் போகும், ஹீட்டர் இருந்தும் தோற்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

பிறகு மூச்சுத் தடுப்பு. இதற்கு ஹீட்டரைவிட அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஹெல்மெட்டுக்குள் மூக்கையும் வாயையும் மூடி, மூச்சைக் கீழேயும் பக்கவாட்டிலும் திருப்பிவிடும் ஒரு மூடி கிடைக்கும், ஓட்டுகிறவர்கள் இதை பிரெத் பாக்ஸ் என்பார்கள். மூக்கின் மேல் எலும்போடு அது இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், அங்கே ஒரு சின்னச் சந்து இருந்தாலும் ஒவ்வொரு மூச்சும் லென்ஸுக்குத்தான். கண்ணாடி முன் நின்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வாயால் பலமாக ஊதிப் பாருங்கள், கண்ணுக்குக் காற்று வந்தால் சந்து இருக்கிறது.

பாலக்ளாவா, அதாவது தலையையும் முகத்தையும் மூடும் துணி உறை, போடுகிறீர்கள் என்றால் அதன் மேல்விளிம்பு காகிள்ஸ் ஃபோமுக்கு அடியில் போகவே கூடாது. எல்லாரும் செய்வது அதைத்தான், மூக்கு குளிருதே என்று துணியை இழுத்து ஃபோமுக்குள் சொருகிவிடுவார்கள். துணி, மூச்சில் நனைந்து, ஈரத்தைத் திரி மாதிரி உறிஞ்சி உள்ளே கொடுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் எந்த ஹீட்டரும் ஈடுகொடுக்காது. துணி ஃபோமின் விளிம்போடு நின்றுவிட வேண்டும்.

கையுறை போட்டுக்கொண்டு பட்டனைக் கண்ணை மூடியபடி கண்டுபிடிக்கவும் வீட்டிலேயே பழகுங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

கேபிள் வகைக்கு மட்டும் சில வார்த்தை

பேட்டரி காகிள்ஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஆர்சிஏ கேபிளை ஹெல்மெட்டிலிருந்து கழுத்தின் பின்பக்கமாக இறக்கி, ஜாக்கெட்டுக்கு உள்ளே விட்டு, கீழ் விளிம்பு வழியாக வெளியே எடுத்தால் காற்றில் ஆடாது, கைப்பிடியிலும் சிக்காது. திரும்பிப் பார்க்கவும் எழுந்து நிற்கவும் போதுமான தளர்வு இருக்கட்டும். முக்கியமானது, நீங்கள் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டால் பிளக் தானாகக் கழன்றுவர வேண்டும். அதனால் டேப் போட்டு ஒட்டுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் வேண்டாம், கழுத்தோடு வண்டி இழுத்துக்கொண்டு போவதைவிட முகக்கண்ணாடி அணைவது நல்லது. இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு, அதாவது டெதர், தனி விஷயம். அது எப்போதும் உங்கள் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், இரண்டையும் ஒன்றோடு ஒன்று பின்னிவிடாதீர்கள்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும், பேட்டரி இல்லாத வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் மின்சாரம் வரும். நின்று பேசும்போது அணைத்தால் முகக்கண்ணாடியும் அணையும், ஐந்து நிமிடத்தில் உறைந்துவிடும். அப்படி நிற்கும்போது முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு நில்லுங்கள். இன்னொன்று, கண்ணாடியைச் சூடாக்கத்தானே என்று மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும்.

சாக்கெட்டுக்குள் பனி போனால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ரப்பர் மூடி இருந்தால் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் குத்தும் முன் ஊதாமல் (ஊதினால் உங்கள் மூச்சு ஈரமும் உள்ளே போகும்) தட்டி எடுங்கள்.

கிளம்பும்போது

வரிசை முக்கியம். வீட்டுக்குள் எல்லாவற்றையும் மாட்டி ஜிப் இழுத்து, காகிள்ஸையும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சாவியைத் தேடினால் வியர்த்துவிடும், அந்த வியர்வையை உள்ளே பூட்டிக்கொண்டுதான் வெளியே வருவீர்கள். ஹெல்மெட்டையும் காகிள்ஸையும் கையில் எடுத்து வெளியே வாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேறவிடுங்கள், வண்டிமேல் பிரம்பு மாதிரி விறைத்திருக்கும் உறைகளையெல்லாம் கழற்றுங்கள், சுமை கட்டுங்கள், வேர்க்க வைக்கும் வேலை எல்லாவற்றையும் முடியுங்கள். மூச்சு அடங்கியதும் ஹெல்மெட், பிறகு மூச்சுத் தடுப்பு, கடைசியாகக் காகிள்ஸ். மாட்டியவுடன் ஹீட்டரைக் குறைந்த அளவில் போட்டுவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் நகர ஆரம்பியுங்கள். வண்டி நகர்ந்தால் காற்றுத் துளைகள் வழியாக உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், அது இலவசம், பேட்டரி கேட்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போது போடுவது, எப்போது அணைப்பது? பேட்டரி காகிள்ஸில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 3.7 வோல்ட், 2000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 7.4 வாட்-மணி. லென்ஸ் 5 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் விடாமல் எரித்தால் ஒன்றரை மணி நேரம் வரும், அதுவும் அறைச் சூட்டில். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் நன்றாகவே குறையும். நாள் முழுக்க ஓட்டப்போகிறவர் விடாமல் எரிக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதனால் காற்று நன்றாக அடிக்கும் நீண்ட நேர்பாதையில் அணைத்து வையுங்கள், ஈரம் கூடப்போகிற இடத்துக்கு முன்னால் போடுங்கள்.

ஈரம் கூடப்போகிற இடங்கள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். வேகம் குறைந்து காட்டுக்குள் நெளிந்து போகும் பாதை. நிற்கப்போவதற்கு ஒரு நிமிடம் முன்பு, ஏனென்றால் நின்றவுடன் காற்று நின்றுவிடும், இன்ஜின் சூடும் உங்கள் உடம்புச் சூடும் மேலே எழும், முக்கால்வாசிக் கண்ணாடிகள் மங்குவது ஓடும்போது இல்லை, நின்ற முதல் நிமிடத்தில்தான். எழுந்து நின்று வண்டியோடு மல்லுக்கட்டும் ஏற்றம். பனி கொட்டும்போது, ஏனென்றால் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். இந்த நான்குக்கும் முன்கூட்டியே பட்டனை அமுக்கிப் பழகிவிட்டால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே மீதி இருக்காது.

தூள்பனியில் ஓட்டும்போது மேல்துளை ஃபோமில் பனி அப்பிக்கொள்ளும், அவ்வப்போது கையுறையின் பின்பக்கத்தால் தட்டிவிடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பனி ஃபோமுக்குள் இறங்கி உருகி ஈரமாகிவிடும். லென்ஸின் வெளிப்பக்கம் ஒட்டும் பனியையும் தட்டித்தான் விட வேண்டும், ஹீட்டர் உருக்கட்டும் என்று விட்டால் சிலசமயம் பாதி உருகி வழிந்து ஓரத்தில் ஐஸாக உறைந்து நிற்கும்.

புதைந்துபோனால்

புதியவர்கள் வண்டியைப் பனியில் புதைப்பார்கள், அது விதி, அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளின் மொத்த ஆவியில் பெரும்பகுதி அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத் தோண்டலில்தான் வருகிறது. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைப் பனிக்குள்ளிருந்து இழுக்கும்போது உடம்பு கொதிக்கும், ஜாக்கெட் கழுத்து வழியாக நீராவி மேலே வந்து நேராகக் காகிள்ஸுக்குள் நுழையும்.

மண்வெட்டியைத் தொடும் முன் ஹெல்மெட்டையும் காகிள்ஸையும் கழற்றுங்கள். இங்கேதான் எல்லாரும் காகிள்ஸை நெற்றிக்குத் தூக்கிவிடுவார்கள், அல்லது ஹெல்மெட்டின் மேலே ஏற்றிவைப்பார்கள். நெற்றியில் வைத்தால் தலைச்சூடும் வியர்வையும் அதை நிரப்பும், ஹெல்மெட் மேலே வைத்தால் உள்ளே பனி விழும். கழற்றி, அதன் துணிப்பைக்குள் போட்டு, ஈரம் படாத ஒரு பையில் வைத்துவிடுங்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு வையுங்கள், மறந்தால் பையைத்தான் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஜாக்கெட் ஜிப்பைப் பாதி இறக்குங்கள், அக்குள் ஜிப் இருந்தால் திறங்கள். வெயில் இருந்தால் கண்ணுக்குச் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டுவிடும்.

தோண்டி முடித்ததும் உடனே ஏறாதீர்கள். மூச்சு அடங்கட்டும், முகத்து வியர்வையைத் துடையுங்கள், அப்புறம் மறுபடி அதே வரிசை.

அப்படியும் மங்கினால்

வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டி, பாதையை விட்டு ஓரமாக, வளைவுக்கு அப்பால் தள்ளி நிறுத்துங்கள். ஓடிக்கொண்டே சரிசெய்யலாம் என்று ஒரு கையை விடாதீர்கள்.

உள்பக்கத்தைத் துடைக்க வேண்டாம். கை பரபரக்கும், தெரியும், இருந்தாலும் வேண்டாம். உள்பக்கம் பூசியிருக்கும் ஆவி எதிர்ப்புப் பூச்சு தண்ணீரைத் துளியாகச் சேரவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பும் வகை, ஈரத்தில் அது மென்மையாகிவிடும். அந்த நேரத்தில் கையுறையால் ஒரு இழுப்பு இழுத்தால் அந்த இடத்தில் பூச்சு போயே போய்விடும், அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் முதலில் மங்குவது அந்தக் கோடுதான். ஹீட்டரை முழு அளவில் வையுங்கள், காகிள்ஸை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு தள்ளிப் பிடியுங்கள், உலர்ந்த குளிர்காற்று உள்ளே போய்வரட்டும். ஓரிரு நிமிடத்தில் தெளியும். உறைந்து ஐஸாகியிருந்தால் சுரண்டாமல் உருகும்வரை பொறுத்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்ப்பது இல்லை, ஒற்றுவது.

ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் ஃபோம் ஊறிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு அந்தக் காகிள்ஸோடு போராடிப் பயனில்லை. அதனால்தான் இவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், உலர்ந்த சாதாரண காகிள்ஸ் ஒன்று பைக்குள் இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். எலக்ட்ரானிக் பொருளை நம்பி நடுக்காட்டுக்குப் போகிறவர் கைவசம் எலக்ட்ரானிக் இல்லாத ஒன்று இருக்கட்டும். இரண்டு அடுக்குக்கும் நடுவே ஆவி தெரிந்தால் அது வேறு நோய், சீல் விட்டுப்போயிருக்கிறது, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

பனிச்சரிவு பகுதிக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்

மலையில் ஓட்டுகிறவர்கள் நெஞ்சில் பனிச்சரிவு பீக்கன் கட்டியிருப்பார்கள், பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி. சூடாகும் காகிள்ஸ், சூடாகும் கையுறை, போன், கேமரா எல்லாமே இதன் சிக்னலைக் குழப்பக்கூடியவை. பொதுவாகச் சொல்லப்படும் விதி, பீக்கன் அனுப்பும் நிலையில் இருக்கும்போது மற்ற மின்சாதனங்கள் 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், தேடும் நிலையில் 50 செ.மீ.

பேட்டரி சூடாக இருக்கட்டும் என்று ஜாக்கெட்டின் உள்பக்க நெஞ்சுப்பையில் வைக்கச் சொல்வார்கள், குளிருக்கு அது நல்ல யோசனை, ஆனால் பீக்கனும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே பேட்டரி பொதியும் கேபிளும் பீக்கனுக்கு எதிர்ப்பக்கம், இடுப்புப் பக்கமாக உள்பையில் போகட்டும். யாரையாவது தேட வேண்டிய நிலை வந்தால் முதல் வேலையாக ஹீட்டரை அணையுங்கள், பிறகு பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். கூட வருகிறவர்களுக்கும் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் எவருக்கும் ஞாபகம் வராது.

பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு

கடைக்காரர் சொல்லாத ஒன்று: ஹீட்டர் சூடாக்குவது காகிள்ஸ் லென்ஸைத்தான், உள்ளே நீங்கள் போட்டிருக்கும் பவர் கண்ணாடியை இல்லை. காகிள்ஸ் பளிச்சென்று இருக்கும், உள்ளே மூக்குக் கண்ணாடி மங்கி நிற்கும். கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அதுதான் சுலபம். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு மேலேயே போடும்படி ஆழமாகச் செய்த காகிள்ஸ் வாங்கி, மூக்குக் கண்ணாடியில் ஆவி எதிர்ப்புத் திரவம் தடவி, பிரெத் பாக்ஸ் விஷயத்தில் மற்றவர்களைவிட இரட்டிப்புக் கண்டிப்பாக இருங்கள். அந்தத் திரவத்தை ஹீட்டட் லென்ஸின் உள்பக்கம் மட்டும் தடவாதீர்கள், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் தவிர. ஆல்கஹால், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் எதுவும் அதன் பக்கமே வரக்கூடாது.

திரும்பி வந்த பிறகு

நடுவில் பத்து நிமிடம் ஓய்வுக்காகச் சூடான அறைக்குள் போகும்போது குளிர்ந்த லென்ஸை அப்படியே உள்ளே கொண்டுபோனால் அறையின் ஈரம் முழுக்க அதில் இறங்கிவிடும், மறுபடி வெளியே வந்ததும் உறையும். குட்டி இடைவேளை என்றால் பையில் போட்டு, பையின் வாயை மூடி உள்ளே எடுத்துப்போங்கள். நீண்ட இடைவேளை என்றால் வெளியே எடுத்து முழுக்கக் காயவிட்டுவிடுங்கள், பாதி காய்ந்தது எதற்கும் உதவாது.

வீடு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, காகிள்ஸைக் காற்றோட்டமான இடத்தில் லென்ஸ் கீழே பார்க்கும்படி இல்லாமல் தொங்கவிடுங்கள். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் மேலேயோ வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஃபோமைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும், லென்ஸும் வளையும். உள்பக்கத்தில் அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு உதறிக் காயவிடுங்கள், அதுவும் மின்முனைகளில் தண்ணீர் படாமல் செய்ய முடிந்தால் மட்டும். பட்டனுக்கும் கேபிளுக்கும் உள்ள முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பருவம் முடிந்து எடுத்துவைக்கும்போது பேட்டரியை முழுச் சார்ஜிலோ வெறுமையாகவோ போட்டுவிடாமல் பாதி அளவில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக் குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றிவையுங்கள்.